ஹாரன் எட்டாத வீடு

பெட்ரோலும் டீசலும் மலிவாகக் கிடைக்காத காலம் வந்தால் எப்படிப் பிழைப்பது என்று பேச ஒரு கூட்டம் நடக்கிறது, நீங்களும் வாங்க மாமா என்று என் மனைவியின் தம்பி கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. 2008ஆம் வருடம் அது. சிதம்பரம் மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நான் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். ஊரில் நாலு வண்டி ஓடினால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். என்னைப் போய் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது, கறிக்கடைக்காரரைச் சைவச் சாப்பாட்டின் பெருமை கேட்கக் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

"வேற வேல இல்லியா மச்சான் உனக்கு?" என்றேன்.

"டீசல் விக்கிற வெலைக்கு எஞ்சின் போட்டுத் தண்ணி எறைக்க முடியல மாமா. கரண்டும் ஒழுங்கா வரல. அங்க போனா எதுனா வழி சொல்லுவாங்களான்னு பாக்கறேன். டீயும் குடுக்கறாங்க."

மச்சானுக்குக் கீரப்பாளையம் பக்கத்தில் கொஞ்சம் நிலம். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வருடம் பெட்ரோல் பங்குகளில் அடிக்கடி 'ஸ்டாக் இல்லை' என்று அட்டை தொங்கியது. வண்டியைத் தள்ளிக்கொண்டே என் கடைக்கு வந்து, கார்புரேட்டரில் ஏதோ கோளாறு என்று சொன்னவர்கள் உண்டு. டேங்கைத் திறந்து பார்த்தால் காய்ந்து கிடக்கும். சரி, என்னதான் பேசுகிறார்கள், ஒருநாள் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவோம் என்று கிளம்பினேன்.

தெற்கு வீதியில் ஒரு டுடோரியல் சென்டரின் மாடியில், மாதத்தின் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூட்டம். நடத்தியவர் கடலூர் முதுநகர்க்காரர், வங்கியில் வேலை. எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அகலப் பாதை போட்டுக்கொண்டிருந்த சமயம் என்பதால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ரயில் கிடையாது. பாவம், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்வார். வந்ததும் கரும்பலகையில் முந்தின நாள் கணக்கு வகுப்பின் முக்கோணங்களை அழித்துவிட்டு, ஒரு மலை வரைவார். இந்தப் பக்கம் ஏறினோம், உச்சிக்கு வந்துவிட்டோம், இனி அந்தப் பக்கம் இறங்க வேண்டும், பூமியிலிருந்து எண்ணெய் எடுப்பது நாளுக்கு நாள் கஷ்டமாகும், விலை ஏறும், நாம் விழுந்து உருளாமல் பார்த்து இறங்கப் பழக வேண்டும் என்பார்.

"சார், நீங்க வந்த பஸ்ஸு டீசல்லதானே ஓடிச்சு?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ஆமாங்க. அதான் எனக்கே வெக்கமா இருக்குது," என்றார் அவர்.

சண்டைக்கு வருவார் என்று கையை முறுக்கிக்கொண்டு போனவனிடம் ஒருவர் வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஆனாலும் அடுத்த மாதமும் போனேன். அவரை எப்படியாவது மடக்க வேண்டும் என்றுதான் போனேன்.

பேச்சு பேச்சாகவே இருந்ததால் ஆள் குறைய ஆரம்பித்தது. இருபது பேர் பத்துப் பேரானார்கள். கூட்டத்தைச் சீட்டாக மாற்றியது மேல வீதியில் தையல் கடை வைத்திருந்த அக்கா. அவர் பல வருடமாகப் பெண்களைச் சேர்த்துச் சீட்டுப் பிடித்தவர். "வெறும் பேச்சுன்னா யாரு சார் வருவா? சீட்டுன்னு சொல்லுங்க. மழ பேஞ்சாலும் ஆளு வரும்," என்றார். பணமில்லாத சீட்டு அது. இது இல்லாமல் என்னால் ஒரு நாள் ஓட்ட முடியாது என்று நினைக்கும் ஒரு பொருளை, பெட்ரோலிலோ டீசலிலோ காஸிலோ கரண்டிலோ ஓடுகிற பொருளை, ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். பேர் போடக் கூடாது. எல்லாவற்றையும் எவர்சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்கி, ஒருவர் ஒரு சீட்டை எடுப்பார். எடுத்தவர் அடுத்த கூட்டம் வரை அந்தப் பொருள் இல்லாமல் வாழ்ந்து காட்டி, வந்து கதை சொல்ல வேண்டும். பணச் சீட்டில் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாதே, அதேபோல இதிலும் முடியாது.

உலகத்தில் வேறு எங்கேயாவது இந்த விஷயத்துக்குச் சீட்டுக் குலுக்கியிருப்பார்களா என்று தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் அந்தப் புத்தி வரும். ஆனால் வேலை செய்தது. முதல் சீட்டை என் மச்சான் எடுத்தான். அதில் 'மிக்ஸி' என்று இருந்தது. இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். அடுத்த கூட்டத்துக்கு அவன் மனைவி வந்து வாசலிலேயே நின்றாள்.

"சீட்டெடுத்தது இவுரு. ஒரு மாசமா அம்மியில அரைக்கறது நானா? இது எந்த ஊரு நாயம்?"

சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை என்பதுதான் அசிங்கம். எடுத்தவரே அந்தச் சுமையையும் தூக்க வேண்டும் என்று அன்றைக்கே விதி சேர்ந்தது. மச்சானுக்கு இன்னொரு மாதம் நீட்டித்தார்கள். தினமும் காலையில் அவன் அம்மி முன்னால் உட்கார்ந்து சட்னி அரைத்ததைப் பார்க்க, தெருப் பிள்ளைகள் வேலியோரம் கூடியதாகக் கேள்வி. கொஞ்ச நாளில் என் தங்கை முறையான அவன் மனைவி, "அண்ணே, இப்ப சட்னி நல்லாத்தான் இருக்குது," என்றாள்.

அக்டோபர் மாதக் கூட்டத்தில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். எனக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. கடைக்குப் பின்னால் வீடு, ஓட்டிப் பார்க்க ஊரார் வண்டி. என்னைக் கேட்டால் டீ இல்லாமல்தான் ஒரு நாள் ஓடாது, அதற்கு காஸ் என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் நான் 'டூவீலர்' என்று எழுதி மடித்துப் போட்டேன். யார் எடுத்தாலும் பத்து நாளில் தோற்றுப் போவார்கள், வேலைக்குப் போகிற மனுசன் வண்டி இல்லாமல் இருக்க முடியாது என்று எல்லோருக்கும் உறைக்கும், அதோடு இந்தக் கூத்து முடியும் என்று கணக்குப் போட்டேன். கெட்ட எண்ணம்தான். அன்றைக்கு அது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

அந்தச் சீட்டு நர்சம்மா கையில் வந்தது.

நர்சம்மா கீரப்பாளையம் பக்கம் ஐந்து கிராமங்களுக்குச் செவிலியர். கணவர் இல்லை, ஒரு மகள், ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். தையல் கடை அக்கா மூலமாகக் கூட்டத்துக்கு வந்தவர். மூன்று வருடமாக என்னிடம்தான் ஸ்கூட்டி சர்வீஸ். கர்ப்பிணிப் பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, ஊசி போட வேண்டிய தேதியை நினைவுபடுத்துவது அவர் வேலை. அந்த ஸ்கூட்டி இல்லையென்றால் ஐந்து கிராமமும் சேர்ந்து நிற்கும்.

சீட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். சார் பதறிப்போய், "வேற சீட்டு எடுத்துக்கங்கம்மா. உங்க வேல அப்பிடி," என்றார்.

"எடுத்தது எடுத்ததுதான் சார்," என்றார் நர்சம்மா. "ஆனா ஒண்ணு. என் ரிஜிஸ்டர்ல இருக்கற ஒரு பொண்ணு கூட நான் வராம விட்டுப்போகக் கூடாது. ஒருத்தி விட்டுப்போனாலும் மறுநாளே ஸ்கூட்டிய எடுத்துடுவேன். தோத்துட்டேன்னு இங்க வந்து சொல்லிடறேன்."

சொந்த வண்டியும் கூடாது, வாடகை வண்டியும் கூடாது, பஸ் மட்டும் ஏறலாம் என்பது முடிவானது. அவர் போகிற கிராமங்களில் பாதிக்கு பஸ்ஸே கிடையாது. அப்போதே நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போது நர்சம்மா ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றார். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். செயின் துருப்பிடித்து, டயர் இரண்டும் படுத்துக் கிடந்தது.

"சைக்கிள நான் தொட்டு வருசக் கணக்காவுதுக்கா," என்றேன்.

"நானும்தான் தம்பி. ரெண்டு பேரும் சேந்து பழகுவோம்."

செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தேன், டியூப் மாற்றினேன், உட்காரும் சீட்டை இறக்கிக் கொடுத்தேன். பின்னால் மருந்துப் பையும் ரிஜிஸ்டரும் வைக்க நல்ல கேரியர் ஒன்றும் போட்டேன். ஏறி இரண்டு தப்படி போனவர் மூன்றாவதில் சாய்ந்து என் மேலேயே வந்து விழுந்தார். புடவையை உதறிக்கொண்டு மறுபடி ஏறினார். சந்து முனை வரைக்கும் ஆடிக்கொண்டே போனதைப் பார்த்து, ஒரு வாரம் தாங்காது என்று நினைத்தேன். தாங்கக் கூடாது என்றும் நினைத்தேன் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஒரு வாரம் தாங்கியது. இரண்டாவது வாரமும் தாங்கியது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மச்சான் கடைக்கு வரும்போதெல்லாம், கேட்காதவன் மாதிரி கேட்பேன். வயல்காட்டுச் சேற்றில் சைக்கிள் உருளாத இடத்தில் அதை யார் வீட்டிலாவது சாத்திவிட்டு நடக்கிறாராம். விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறாராம். கால் கட்டை விரல் நகம் பெயர்ந்துவிட்டது, துணி சுற்றிக்கொண்டு வருகிறார் என்றான். "விட்டுட வேண்டியதுதானே, யாரு கேக்கப்போறா?" என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"மாமா, இது வரிக்கும் ஒரு பொண்ணு விட்டுப்போவலியாம். ரிஜிஸ்டர காட்னாங்க."

தோற்றுத் தொலைந்தால் இந்த அம்மாவுக்குக் கஷ்டம் தீரும் என்று ஒரு மனம். இவ்வளவு தூரம் வந்துவிட்டார், இனி தோற்றுவிடக் கூடாதே என்று இன்னொரு மனம். கடைசி வாரத்தில் இரண்டாவது மனம்தான் ஜெயித்தது. மாத முடிவை நான் நாள் எண்ணிக் காத்திருந்தேன்.

நவம்பர் கூட்டத்துக்கு அறை நிறைய ஆள். டுடோரியல் பெஞ்சு போதாமல் படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். நர்சம்மா எழுந்து நேராகக் கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்தார். கையில் இருந்த துண்டுச் சீட்டை மேஜை மேல் வைத்தார்.

"நாந் தோத்துட்டேன் சார். மாசம் முடிய நாலு நாளு இருக்கறப்ப ஆட்டோவுல ஏறிட்டேன்."

அப்புறம் நடந்ததைச் சொன்னார்.

அவர் போகும் கிராமங்களில் ஒன்றில், வாய்க்கால் கரையில் வரிசையாக வீடுகள். ஸ்கூட்டி மதகு வரைக்கும்தான் போகும், அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. வருடக்கணக்காக அவர் மதகில் நின்று ஹாரன் அடிப்பார். சத்தம் கேட்டுப் பெண்கள் எழுந்து வருவார்கள், அங்கேயே பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். இந்த மாதம் ஹாரன் இல்லை. அதனால் ஒவ்வொரு வீடாக நடந்தார். அன்றைக்கு மழை வலுத்ததால் ஒதுங்க இடம் தேடி, மூங்கில் பாலத்தைத் தாண்டி, கடைசியாகத் தனியாக இருந்த வீட்டுக்குப் போனார். உள்ளே ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம். முகமும் காலும் வீங்கிக் கிடந்தன. இரண்டு நாளாகத் தலைவலி என்றாள். பிரஷர் பார்த்தால் எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம்.

அவர் ரிஜிஸ்டரில் அந்தப் பெண்ணே இல்லை. பிச்சாவரம் பக்கம் தாய்வீடு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதால் அங்கேயே பதிந்திருந்தாள். அவளுடைய அம்மா விழுந்து காலை உடைத்துக்கொண்டதால் ஏழாம் மாதம் புருசன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

"'ஏம்மா ஒரு வார்த்த சொல்லல, நாந்தான் மாசா மாசம் மதகுக்கு வர்றேனே'ன்னு மாமியாரக் கேட்டேன்," என்றார் நர்சம்மா. "அந்தம்மா சாதாரணமா சொல்லுது, 'ஹாரன் சத்தம் இம்மாந்தூரம் வராதும்மா'ன்னு."

அதைச் சொன்னவர் நின்று, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேராகப் பெண்ணைப் பாலத்தைத் தாண்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். செல்போனில் கூப்பிட்ட ஆட்டோ மதகுக்கு வந்தது. நர்சம்மாவும் ஏறிக்கொண்டு, சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்றைக்கே ஆபரேசன். பெண் பிள்ளை. எடை கம்மி, ஆனாலும் தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

"ஆட்டோவுல ஏறினதுக்கு நான் வருத்தப்படல. விதின்னா விதி, அதனால சொல்லிட்டேன். சீட்ட வேற யாருக்குனா குடுங்க," என்று முடித்தார்.

தையல் கடை அக்கா எழுந்தார். "அன்னிக்கு நீங்க ஆட்டோவுல ஏறாம வந்திருந்தா, உங்கள இந்தப் படி ஏற விட்டிருக்க மாட்டேன்," என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். இது தோல்வியா, இல்லையா என்று ஒரு மணி நேரம் வாதம். அந்த மாதிரி ஒரு பேச்சை அந்த அறையில் அதுவரை நான் கேட்டதில்லை. சார் அதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தன்னுடைய மலையைத் தானே அழித்தார். இவ்வளவு நாளும் எதை விடலாம் என்றே பேசினோம், எதற்காகப் பெட்ரோலைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று பேசவே இல்லையே என்றார். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எழுதினார். பிரசவ ஆட்டோ முதல் வரியில் வந்தது. அப்புறம் தீயணைப்பு வண்டி, பாம்புக்கடி, வெள்ளத்தில் மீட்கப் போகிற படகு. மச்சான் டீசல் எஞ்சினைச் சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டு, நாற்று காய்கிற நாளுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டான். படிக்காதவர்களும் படித்தவர்களும் சமமாக உட்கார்ந்து, இல்லாமல் போகப் போகிற ஒன்றைப் பங்கு பிரித்தார்கள். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பெரிய ஆபீஸ்களில் உட்கார்ந்து இதைப் பேசியிருந்தால் இவ்வளவு நியாயமாகப் பேசியிருப்பார்களா என்று தெரியாது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன்.

"தோத்தது அக்கா இல்ல, நானு. அந்தச் சீட்டு என்னுது. எனக்கு வண்டியே கெடையாது. எடுக்கறவங்க தோத்துப்போயி கூட்டம் கலையட்டும்னுதான் எழுதனேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மச்சான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நர்சம்மா மட்டும் அந்தச் சீட்டை எடுத்து என் பக்கமாக நீட்டினார். மூலையில் கருப்பாக ஒரு கட்டை விரல் ரேகை.

"கிரீஸ் கையி, வேற யாருது? பிரிச்சப்பவே தெரியும். மூணு வருசமா நீங்க நடந்து வந்து கடைய தொறக்கறதத்தான் பாக்கறேன். நான் எப்ப விழுவேன்னு பாத்துனு இருக்கீங்கன்னும் தெரியும்."

"தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டீங்க?"

"அந்தக் கோவத்துலதான் தம்பி பாதி நாளு பெடல் மிதிச்சேன்."

முதலில் சிரித்தது தையல் கடை அக்கா. அப்புறம் படியில் இருந்தவர்கள் வரைக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மாதம் எனக்கு காஸ் சீட்டைத் தனியாக எழுதி, குலுக்காமலே கையில் கொடுத்தார்கள். எனக்கு அது வேண்டியதுதான்.

கூட்டம் இன்னும் இரண்டு வருடம் நடந்தது. ரயில் திரும்ப ஓட ஆரம்பித்த வருடம் சாருக்கு மாற்றல் வந்தது, அதோடு மெல்ல நின்றுபோனது. பெட்ரோல் தீர்ந்துவிடவில்லை. என் கடையும் மூடவில்லை. பார்க்கப்போனால் வண்டிகள் ஜாஸ்திதான் ஆயின. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வீண் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

நர்சம்மா மாதம் முடிந்ததும் ஸ்கூட்டிக்குத் திரும்பிவிட்டார். ஐந்து கிராமம், வேறு வழியில்லை. அடுத்த கோடையில் சர்வீஸுக்கு விட வந்தார். வேலைகளை ஒரு அட்டையில் எழுதிச் சாவியில் கட்டுவது என் வழக்கம். பிரேக், ஆயில், பின் டயர் என்று எழுதிக்கொண்டே ஹாரனை அமுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்கத் துரு, போன மழையிலேயே செத்திருக்க வேண்டும்.

"ஹாரன் போயி மாசக் கணக்காயிருக்கும்போல இருக்கேக்கா. இது இல்லாம எப்பிடி ஓட்னீங்க? மாத்திடவா?"

"ரோட்டுக்கு வேணும்தான், போடுங்க தம்பி," என்றார். மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினார். "அது போனதே எனக்குத் தெரியாது."